செபுவில் ஒரே கிளாஸில் சுற்றிக் குடிப்பார்களாமே, எப்படிச் சமாளிப்பது?

ஓஎம்ஆர் ஆசாமி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேலை சோழிங்கநல்லூர், குடியிருப்பு பெரும்பாக்கம். எங்கள் டீமில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸில், செபுவில் இருக்கிறார்கள். இதுவரை வீடியோ காலோடு சரி. அடுத்த மாதம் ஒரு ரிலீஸ் வேலைக்காக என்னையும் இன்னொரு பையனையும் அங்கே அனுப்புகிறார்கள். சிங்கப்பூர் வழியாக டிக்கெட்டும் போட்டாயிற்று.

வேலையைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் அங்கிருக்கும் டீம் லீடின் அன்பைப் பற்றித்தான். தங்கமான மனிதர். நாங்கள் போய் இறங்கும் வாரமே, சனிக்கிழமை சாயங்காலம், அவர் வீட்டு வாசலில் எங்களுக்காகத் 'தகாய்' ஏற்பாடு செய்துவிட்டார். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். பதில் சொல்லாமல் போன பிறந்தநாளுக்கு எடுத்த வீடியோவை அனுப்பினார். வட்டமாக நாற்காலி போட்டுப் பத்துப் பேர். நடுவில் பாட்டில். கிளாஸ் ஒன்றே ஒன்று. ஒருவர் ஊற்றுகிறார், ஒருவர் குடிக்கிறார், கவிழ்த்து ஒரு உதறு உதறுகிறார், அதே கிளாஸ் அடுத்தவருக்குப் போகிறது. கழுவுகிற பேச்சே இல்லை. வீடியோவை இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இல்லவே இல்லை.

நான் குடிக்காத ஆள் இல்லை. எப்போதாவது ஒரு பீர் அடிப்பேன். ஆனால் வளர்ந்த வீடு அப்படி. தண்ணீர்ச் சொம்பை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். உதடு பட்டுவிட்டால் பாட்டி அந்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்க வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். தங்கை கடித்த பிஸ்கட்டைக்கூட நான் வாங்கித் தின்றதில்லை. இப்போது பத்துப் பேர் வாய் வைத்த கிளாஸ்.

தனியாக ஒரு கிளாஸ் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? எத்தனை சுற்று போகும்? நடுவில் எழுந்து ஓடலாமா? அங்கே போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

வியாசர்பாடி வெட்டி ஆபீசர் எழுதியது:

தலைவா, ஓசிச் சரக்கில் எச்சில் பார்க்கிற ஆளை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். இங்கே மத்தியானம் 12 மணிக்குக் கடை திறப்பதற்காக வெயிலில் நின்று, வாங்கினதைப் பேப்பரில் சுற்றி இடுப்பில் செருகி, சந்துக்குள் போய் நின்ற வாக்கிலேயே முடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறோம். உங்களுக்கு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, சைடு டிஷ் வைத்து, ஊற்றிக் கொடுக்கவும் ஒரு ஆள். போகப் பிடிக்காவிட்டால் டிக்கெட்டை என் பேருக்கு மாற்றுங்கள்.

---

ராயபுரம் கப்பல்காரர் எழுதியது:

தம்பி, பயப்படாதீர்கள். நான் இன்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த நாட்டுக் கப்பலில் ஏறினாலும் அதில் பிலிப்பினோ இருப்பார். எங்கள் கப்பலில் போசன் (மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரி), ஆயிலர், சமையல்காரர் மூன்று பேரும் அவர்கள்தான். இப்போது பெரும்பாலான கப்பல்களில் சொட்டுச் சரக்குக்கு அனுமதி கிடையாது, மூச்சை ஊதச் சொல்லிச் சோதிப்பார்கள். அதனால் நான் சொல்லப்போவது எல்லாம் கரையில் நடந்தது.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஊற்றுகிற ஆளுக்குத் தங்கேரோ என்று பெயர். அந்த வட்டத்துக்கு அவர்தான் நாட்டாமை. யாருக்கு எவ்வளவு, யார் தாங்குவார், யாரை ஒரு சுற்று விட்டுவிடலாம், யார் கள்ளத்தனமாகப் பின்னால் இருக்கும் செடிக்கு ஊற்றுகிறார், எல்லாம் அவர் கண்ணில் இருக்கும். ஊற்றுவது கொஞ்சம்தான். பக்கத்தில் இன்னொரு டம்ளரில் தண்ணீரோ ஜூஸோ இருக்கும். ஒரே மூச்சில் இதை விழுங்கிவிட்டு அதில் ஒரு மடக்கு குடிக்க வேண்டும். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கதை பேசக் கூடாது. உங்களுக்குப் பின்னால் ஒன்பது பேர் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

நம்மூர் பாரில் கட்டிங் பிரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? 180 மில்லி குவார்ட்டர், ஆள் இரண்டு, பெரும்பாலும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டவர்கள். இரண்டு பிளாஸ்டிக் டம்ளரையும் ஒட்டி வைத்து, குனிந்து கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து, இதிலிருந்து அதில் ஒரு சொட்டு, அதிலிருந்து இதில் ஒரு சொட்டு. ஐகோர்ட்டில்கூட அவ்வளவு நுணுக்கமாகச் சொத்துப் பிரிக்க மாட்டார்கள். தகாயில் அந்தப் பஞ்சாயத்துக்கே வழியில்லை. கிளாஸ் ஒன்று, அளவும் ஒன்று. கேப்டனுக்கும் அதே அளவு, மெஸ்மேனுக்கும் அதே அளவு. எனக்கு அது பிடித்திருந்தது, எச்சிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு முறை எங்கள் கப்பல் பதங்காஸ் பக்கம் பழுது பார்க்க டிரை டாக்கில் கிடந்தது. போசனுக்கு வீடு கெசோன் மாகாணத்தில், தயாபாஸ் அருகே ஒரு கிராமம். லீவு நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் தென்னந்தோப்பு. கள் இறக்குகிறவர் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்குவதில்லை. மரத்துக்கு மரம் உச்சியிலேயே மூங்கில் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு மரத்தில் ஏறினவர் அப்படியே வானத்தில் நடந்து தோப்பை முடித்துவிட்டு வேறு மரத்தில் இறங்கி வருகிறார். அந்தக் கள்ளைக் காய்ச்சி வடித்தால் லம்பனோக். பார்க்கத் தண்ணீர், 40 சதவீதத்துக்குக் குறையாது. நம்மூரில் 1987 முதல் கள் இறக்கவே தடை. அங்கே அது ஊர்ப் பெருமை, விருந்தாளிக்கு முதல் மரியாதை.

வீட்டுக்குள் நுழைந்ததும் போசனின் சின்னப் பையன் ஓடி வந்து என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தான். பெரியவர்களிடம் ஆசி வாங்குவது அவர்களுக்கு அப்படி. எங்கள் வீட்டில் பிள்ளைகள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு அனுப்புவோம். நெற்றி கைக்கு வந்ததும் என் விரல் தானாகச் சிலுவை போட்டுவிட்டது. அதைப் போசனின் ஆத்தா பார்த்துவிட்டார். அன்றிலிருந்து நான் அந்த வீட்டுப் பிள்ளை. பின்னால் நடந்ததற்கு அந்தச் செல்வாக்குதான் என்னைக் காப்பாற்றியது.

வாசலில் வட்டம் கூடியது. போசன்தான் தங்கேரோ. பாட்டிலைத் திறந்ததும் முதல் சொட்டைத் தரையில் ஊற்றினார். கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கான பங்கு. அப்புறம் அவர் ஒன்று, மச்சான் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று. கிளாஸ் என் கைக்கு வந்தது. விளிம்பில் ஈரம். எனக்கும் உங்களைப் போலத்தான், சிறுவயதுப் பழக்கம். கை ஒரு நொடி நின்றது. அடுத்த நொடி கழுத்து தானாகப் பின்னால் சாய, கை தானாக மேலே போக, ஒரு சாண் உயரத்திலிருந்து கவிழ்த்துவிட்டேன்.

தண்ணீரை அண்ணாந்து குடிப்பது வேறு, லம்பனோக் வேறு. நேராகத் தொண்டைக்குழியில் இறங்கியது. கண்ணில் நீர் முட்டியது. ஆனால் ஒரு சொட்டுச் சிந்தவில்லை, உதடும் படவில்லை.

வட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் கைதட்டல். அவர்கள் அதை எச்சிலோடு சம்பந்தப்படுத்தவே இல்லை. இந்தியாவில் சாராயத்துக்கு இப்படி ஒரு மரியாதை செய்வார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவும் இல்லை. மச்சான், தானும் அப்படித்தான் குடிப்பேன் என்று நின்றார். கிளாஸை உயர்த்தினார், கழுத்தைச் சாய்த்தார், மூக்கில் ஊற்றிக்கொண்டார். அடுத்தவருக்குக் கண்ணில் தெறித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சட்டைப் பைக்குள் ஊற்றினார். மூன்று சுற்று இப்படியே போனது. குடித்ததைவிடக் குளித்ததுதான் அதிகம். கடைசியில் ஆத்தா துடைப்பத்தோடு வெளியே வந்தார். பேரன் மரமேறிக் கொண்டுவந்த சரக்கைத் தரைக்கு ஊற்றுகிறீர்களா என்று எல்லோருக்கும் செம திட்டு. என்னை மட்டும் திட்டவில்லை. நான் சிந்தவில்லையே! அதற்குப் பிறகு என் பங்கை மட்டும் நான் அண்ணாந்தே குடிப்பது என்று தீர்ப்பாயிற்று.

ஆகவே தம்பி, பாட்டிக்கு நன்றி சொல்லுங்கள். வீட்டிலேயே பயிற்சி கொடுத்திருக்கிறார். பீர் என்றால் மட்டும் வேண்டாம், நுரை மூக்கில் ஏறும்.

இன்னொரு சிக்கல் உண்டு, அதற்கு யாரும் உங்களைத் தயார் செய்ய மாட்டார்கள். அவர்கள் ஆமாம் என்று சொல்வதற்கு வாயைத் திறப்பதில்லை. புருவத்தை ஒரு முறை தூக்கி இறக்குவார்கள், அவ்வளவுதான். சூடான இரும்புத் தட்டில் 'சிசிக்' என்று பொடிப்பொடியாக ஒன்று வந்தது. பன்றிக்கறியா என்று போசனைக் கேட்டேன். புருவத்தைத் தூக்கினார். நம்மூரில் ஒருவர் புருவத்தைத் தூக்கினால் 'என்ன?' என்றுதானே அர்த்தம்? காது கேட்கவில்லை போலும் என்று சத்தமாகத் திரும்பக் கேட்டேன். திரும்பவும் புருவம். "பன்றியா, பன்றியா" என்று நான் கத்த, அவர் நெற்றி ஏறி ஏறி இறங்க, பார்த்தவர்களுக்கு எங்களுக்குள் ஏதோ தகராறு என்று பட்டிருக்கும். பன்றிதான். முகக்கறி, காது எல்லாம் வேக வைத்து, சுட்டு, நறுக்கி, நம் எலுமிச்சைக்குத் தம்பியான கலமான்சியைப் பிழிந்தது. பம்பாங்கா மாகாணத்து அயிட்டம். சரக்கைவிட அதற்காகவே வட்டத்தில் உட்காரலாம்.

நம் தலையாட்டல் அவர்களுக்கு இதே போலத் தலைவலி. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா என்றார் போசனின் மனைவி. நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம் அந்த மீன். காசிமேட்டில் ஏலம் போகிற வஞ்சிரம் இருக்கிறதே, அவர்கள் தனிகே என்கிறார்கள். துண்டு போட்டு வினிகர், இஞ்சி, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள். அடுப்பே ஏற்றவில்லை. நான் மீன் தின்று வளர்ந்தவன், ஆனால் வஞ்சிரத்தைக் கல்லில் போட்டு வறுக்காமல் தின்பதை என் அம்மா கேட்டிருந்தால் அந்த ஊருக்கே சாபம் விட்டிருப்பார். ஒரு துண்டு எடுத்தேன். வினிகரிலேயே மேலெல்லாம் வெந்த மாதிரி வெளுத்திருந்தது. புளிப்பு, காரம், உள்ளே கடல். இரண்டாவது துண்டை யாரும் சொல்லாமல் எடுத்தேன்.

நம் ஆட்கள் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு ஒரு ஆஃப் முடிப்பார்கள். அங்கே அது நடக்காது, முதலில் சாப்பாடு வர வேண்டும். வாசலில்தான் எல்லாம் நடக்கும். பிள்ளைகள் குறுக்கே ஓடும், மனைவி வந்து உட்கார்ந்து ஒரு கிளாஸ் வாங்குவார், ஆத்தா மைக்கைப் பிடித்துப் பாடுவார். ஒளிந்து குடித்துப் பழகினவனுக்கு முதலில் கூச்சமாகத்தான் இருக்கும்.

லம்பனோக் தீர்ந்ததும் ஜின் வந்தது. 1834 முதல் இருக்கிற கம்பெனி. லேபிளில் மிக்கேல் சம்மனசு, அதாவது தேவதூதர், வாளை ஓங்கிக்கொண்டு பிசாசைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறார். வரைந்தவர் அந்த நாட்டின் பெரிய ஓவியர் அமோர்சோலோ. சம்மனசைப் பார்த்ததும் எனக்குக் கை தானாக நெற்றிக்குப் போனது. போசன் பாட்டிலைத் திருப்பிக் காட்டிச் சொன்னார்: "பாதி பாட்டில் வரைக்கும் மேலே இருக்கிறவர் பேச்சைக் கேட்போம். அப்புறம் கீழே இருக்கிறவர் பேச்சு."

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தனி கிளாஸ் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். ஆனால் தனி கிளாஸ்காரர் வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்த மாதிரிதான். முடியவில்லை என்றால் பக்கத்தில் இருக்கிறவர் உங்கள் பங்கை வாங்கிக் குடிப்பார், அது அங்கே நட்புக்கு அடையாளம். தங்கேரோவிடம் முதலிலேயே காதில் போட்டு வையுங்கள், உங்களுக்கு மட்டும் அளவைக் குறைத்து ஊற்றுவார். சொல்லாமல் எழுந்து போகக் கூடாது. எல்லோரிடமும் சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று வாங்கிக் குடித்துவிட்டுப் போக வேண்டும். அந்தக் கடைசி ஒன்றுக்குப் பிறகு பெரும்பாலும் யாரும் போவதில்லை. செபுவில் உங்கள் ஐடி பையன்கள் லம்பனோக் வைக்க மாட்டார்கள். ரெட் ஹார்ஸ் பீர் பெரிய பாட்டிலாக இருக்கும், 6.9 சதவீதம். அதில் ஐஸ் கட்டி போடுவார்கள். பீரில் ஐஸா என்று முகம் சுளிக்காதீர்கள். எச்சிலைப் பொறுத்தவரை, 40 சதவீதச் சரக்கில் எந்தக் கிருமி பிழைக்கும்? கவலையை விடுங்கள்.

---

வியாசர்பாடி வெட்டி ஆபீசர் எழுதியது:

அண்ணே, சட்டைப் பையில் ஊற்றிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். கட்டிங் விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். சொட்டுக் கணக்குப் பார்ப்பது சந்தேகத்தால் இல்லை, கடைசிச் சொட்டை அடுத்தவருக்கு விட்டுக் கொடுப்பதற்காக. நாங்கள் ரொம்ப டீசன்ட்.

---

டவாவ் டாக்டரம்மா எழுதியது:

கப்பல்காரர் அங்கிள், கதை பிரமாதம். கடைசி இரண்டு வரியை மட்டும் வாபஸ் வாங்குங்கள்.

நான் மருத்துவம் படித்தது பிலிப்பைன்ஸின் டவாவ் நகரத்தில். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறோம். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வை எழுதி முடித்து இப்போது அம்பத்தூர் பக்கம் ஒரு கிளினிக்கில் உட்காருகிறேன். கையைச் சுத்தம் செய்யும் சானிடைசரிலேயே குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் வேண்டும், அதுவும் கையில் பட்டுக் காய்கிற வரை. கிளாஸ் விளிம்பில் ஒரு நொடி பட்டுப் போகிற 40 சதவீதம் எதையும் கொல்லாது. ஐஸ் போட்ட பீர் எச்சிலுக்கு ஏசி ரூம் போட்டுக் கொடுக்கும். சளி, ஃபுளூ, உதட்டில் கொப்புளம் வருகிற ஹெர்பிஸ் எல்லாம் இப்படிப் பரவக்கூடியவைதான். 2020 ஊரடங்கில் அங்கே பல ஊர்களில் மது விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள். அப்போது எங்கள் தெருக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்காகத் தகாய்க்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நான் குடிப்பதில்லை, ஆனால் வீட்டு ஓனர் குடும்பத்தில் எந்தப் பிறந்தநாள் வந்தாலும் அந்த வட்டத்தில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தை போதும். ஆன்டிபயாடிக் என்றால் அங்கே யாரும் வற்புறுத்துவதில்லை, ஊரே டாக்டராகி உடம்புக்கு என்ன என்று விசாரிக்கத் தொடங்கிவிடும். அதுதான் தொல்லை. பொய்யை ஒழுங்காகத் தயார் செய்துகொண்டு போங்கள். எனக்கு வயிற்றுப் புண் என்று சொல்லிவிட்டு அடுத்த ஒரு வாரம் மூன்று வேளையும் வீட்டு ஓனரம்மா கொண்டுவந்த அரிசிக் கஞ்சி குடித்தேன். அதில் இஞ்சியும் கோழியும் இருந்தது, நன்றாகவே இருந்தது.

பாட்டுப் பாடினால் குடிக்காததை மன்னித்துவிடுவார்கள். வீடியோகே என்கிற கரோக்கே பெட்டியில் மார்க் வரும். தாளம் தப்பினாலும் சத்தமாகப் பாடுகிறவருக்கு 90க்கு மேல் விழும் என்பது என் அனுபவம். நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்!

ஒன்று மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். லேபிள் இல்லாத, வீட்டில் காய்ச்சின லம்பனோக்கை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். 2019 டிசம்பரில் லகூனா, கெசோன் மாகாணங்களில் மெத்தனால் கலந்த லம்பனோக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போனதும் அதே மெத்தனாலால்தான். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்கினால், ஹேங்ஓவர் என்று படுத்துக்கொள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சீல் வைத்து, பதிவு எண்ணோடு கடையில் விற்கிற பாட்டில் என்றால் பயமில்லை.

அப்புறம் அங்கே தேர்தலுக்கு முந்தின நாளும் தேர்தல் நாளும் மது விற்கவும் குடிக்கவும் தடை. டவாவில் ராத்திரி 1 மணிக்கு மேல் விற்க முடியாது. செபு நிலவரத்தை உங்கள் டீம் லீடிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

ஓஎம்ஆர் ஆசாமி எழுதியது:

அண்ணே, டாக்டர், ரொம்ப நன்றி. ராத்திரி மொட்டை மாடியில் கிளாஸில் தண்ணீர் வைத்து அண்ணாந்து ஒத்திகை பார்த்தேன். மனைவி மேலே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். என்னோடு வருகிற பையன் மயிலாப்பூர். முட்டைகூடத் தொட மாட்டான், குடிக்கவும் மாட்டான். அவனை ரூமில் விட்டுவிட்டு நான் மட்டும் போனால் நன்றாக இருக்காது. கூட்டிக்கொண்டு போனால் அவனுக்கு அங்கே என்ன இருக்கும்? இங்கிருந்து ஏதாவது எடுத்துப் போகலாமா?

---

ராயபுரம் கப்பல்காரர் எழுதியது:

டாக்டரம்மா சொன்னது சரி, கிருமி விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அண்ணாந்து குடிப்பதை மட்டும் வாபஸ் வாங்க முடியாது.

தம்பி, அந்தப் பையனைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அவனைத் தங்கேரோ நாற்காலியில் உட்கார வைத்துவிடுங்கள். குடிக்காத ஆள், கை நடுங்காது, கணக்கு மறக்காது, ஒரு சொட்டுக் கூடக் குறைய ஊற்ற மாட்டான். இப்படி ஒரு தங்கேரோ கிடைத்தால் அந்த வட்டமே அவனை விடாது. உங்கள் அளவை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பிளேனிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம், அது உங்களுக்கு லாபம்.

சாப்பாடுதான் அவனுக்குக் கஷ்டம். காய்கறி என்று வருகிற பதார்த்தத்தில் பன்றித் துண்டோ இறால் விழுதோ இல்லாமல் இருக்காது. கறி போடவில்லை என்று சத்தியம் செய்வார்கள். நாலு துண்டு போட்டால் அவர்கள் கணக்கில் அது கறியே இல்லை. பூண்டோடு வறுத்த வேர்க்கடலை எல்லா வட்டத்திலும் இருக்கும், அதில் பிழைத்துக்கொள்ளலாம். பொரித்த டோஃபு கிடைக்கும், ஆனால் அதைப் பன்றிக்காதோடு கலந்து கொடுப்பதுதான் வழக்கம். கலக்காமல் தனியாக வாங்கச் சொல்லுங்கள். கேட்கும்போது வாயால் பதில் வரும் வரை விடாதீர்கள், புருவத்தை நம்ப வேண்டாம்.

இங்கிருந்து காராசேவு, மிளகுத் தட்டை, நேந்திரம் சிப்ஸ் எடுத்துப் போங்கள். ஒரு கிலோ போதாது, இரண்டு கிலோ. முதல் சுற்று முடிவதற்குள் பொட்டலம் காலி. ஊறுகாய் கொண்டுபோனால் பக்கத்திலேயே நின்று காவல் காக்க வேண்டும். நான் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயைப் போசன் குழம்பு என்று நினைத்துச் சோற்றில் மூன்று கரண்டி ஊற்றிப் பிசைந்து, வைத்தது வைத்தபடி தின்று முடித்து, கண் சிவக்க உட்கார்ந்து இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

பச்சை மாங்காய்ப் பத்தையும் வரும். மெரினாவில் கிடைக்கிற மாதிரியே இருக்கும், பையன் ஆசையாகக் கையை நீட்டுவான். கூடவே ஒரு கிண்ணத்தில் ஊதாவும் சிவப்புமாக ஒரு விழுது வைப்பார்கள். மிளகாய்ப்பொடி என்று நினைத்து அவன் தொட்டுவிடப் போகிறான், சொல்லி வையுங்கள். அது உப்பில் ஊறின சென்னாக்குன்னி, பொடி இறால்.